ரத்தத்தில் வந்ததா என்று கேட்டேன்

என் மகளை யூகேஜியில் சேர்த்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்தில் இருந்து என் மனைவியின் போனுக்குக் கூப்பிட்டு, பாப்பாவின் அப்பா ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே இன்றும் எனக்கு வாய் உலர்ந்துவிடும். முதல் ஷிப்ட் முடித்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல், ஒரகடத்தில் வாலாஜாபாத் பஸ் ஏறிப் போனேன்.

டீச்சருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"பாப்பா நல்லா பேசுது சார். ரைம்ஸ் எல்லாம் சொல்லுது. ஆனா பெஞ்ச இழுத்தா, கதவு அடிச்சா, எந்தச் சத்தம் கேட்டாலும் ரெண்டு கையையும் அக்குள்ள சொருகிக்குது. அப்புறம் கால் மணி நேரம் பென்சிலத் தொட மாட்டேங்குது" என்றார். கொஞ்சம் தயங்கி, "வீட்ல யாராவது கையிலயே அடிப்பீங்களா?" என்றும் கேட்டார்.

"இல்ல டீச்சர். நாங்க அடிக்கறதே இல்ல."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை. சத்தம் கேட்டதும் கையைக் காப்பாற்றத் தோன்றும் அந்தப் பயம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அது என்னுடையது. அது அவளுக்கு எப்படிப் போனது, இனி அவளை விட்டுப் போகுமா என்பதுதான் தெரியவில்லை. அவளிடம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தேன். கார்களுக்கான தகட்டுச் சாமான் அடிக்கிற இடம். எனக்குக் கொடுத்திருந்தது ஒரு பழைய பவர் பிரஸ். அச்சின் மேல் தகட்டை வைத்துப் பட்டனை அமுக்கினால் மேலே இருந்து இரும்பு இறங்கி அடித்துவிட்டு ஏறும். பட்டன் இரண்டு. தோள் அகலத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்காது என்பதுதான் கணக்கு.

ஆனால் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. ஆகவே எல்லோரும் ஒன்று செய்தோம். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மடித்து இடது பட்டனில் செருகிவிடுவோம். அது அமுங்கியே இருக்கும். வலது கையால் மட்டும் அமுக்கிக்கொண்டு, இடது கையால் தகட்டை எடுத்து வைக்கலாம். சூப்பர்வைசருக்குத் தெரியும். பார்த்தாலும் பார்க்காத மாதிரி போவார். ஷிப்ட் முடிந்து போகிறவன் ரப்பரை எடுக்காமல் விட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவனுக்குச் செய்கிற உதவி அது. எடுத்துவிட்டுப் போனால் மறுநாள் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். "இன்னாண்ணே, ரப்பர வூட்டுக்கு எத்துனு பூட்டியா, அண்ணி கொழம்புல போடறதுக்கா?" என்று கேட்பார்கள்.

அது நடந்த அன்று எனக்கு அடுத்து வழக்கமாக வருகிறவன் லீவு. அவனுக்குப் பதிலாக வேறு லைனில் இருந்து ஒருவனை அனுப்பியிருந்தார்கள். விருதுநகர்ப் பக்கத்தில் இருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து, எங்கள் ஊர்ச் சாம்பாரைப் பற்றி ஏதாவது கிண்டல் செய்துகொண்டே சாப்பிடுவான். மதியம் இரண்டரை மணி. கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"கெளம்புங்கண்ணே. நான் பாத்துக்கிறேன். பஸ்ஸ விட்டுட்டு மதினிகிட்ட ஏச்சு வாங்கிறாதீக" என்றான்.

நான் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவன் இந்த மிஷினில் நின்றதே இல்லை என்பது எனக்கு உறைத்தது. ரப்பர் இருப்பது அவனுக்குத் தெரியாது. இறங்கி ஓடினேன். ஷெட்டுக்குள் நுழையும்போது அவன் தெரிந்தான். கோணலாக இருந்த தகட்டை நேராக்க இடது கையை உள்ளே விட்டிருந்தான். வலது கை பட்டன் பக்கத்தில் இருந்தது. ஒரு கை உள்ளே இருந்தால் மிஷின் ஓடாது என்று நம்பிக்கொண்டிருந்தான். எந்த மனுஷனும் அப்படித்தானே நம்புவான். நான் கத்தினேன். யார் கத்துவது என்று அவன் என் பக்கம் திரும்பினான். திரும்பும்போது அவன் வலது கை பட்டனில் ஊன்றியது.

நாலு விரல் போய்விட்டது. கட்டை விரல் மட்டும் நின்றது.

விசாரணையில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ரப்பர் காகிதத்தில் வரவில்லை. யாரோ அதை எடுத்துவிட்டிருந்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ரப்பரினால் போனதா, நான் கத்தியதினால் போனதா என்று இத்தனை வருஷமாக எனக்குள் நானே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ரப்பரும் நான் வைத்தது, கத்தியதும் நான். ஆக, அந்த விசாரணை எந்தப் பக்கம் போனாலும் என்னிடம்தான் வந்து நிற்கும்.

அதற்குப் பிறகு நான் பிரஸ் பக்கம் போகவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போனேன். ஆனால் எங்கே போனாலும் ஏதாவது ஒன்று மேலே இருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கடை ஷட்டர், லாரியின் பின் கதவு, வேனின் டிக்கி. அது இறங்குவதற்கு முன்னால் என் கை யாருடைய கையையாவது பிடித்து இழுத்துவிடும். யோசித்துச் செய்வதில்லை. ஒருமுறை டீக்கடையில் பாய்லர் மூடி விழுந்தது. மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து நான் இழுத்ததில் கிளாஸ் எகிறிவிட்டது. "யோவ், வுடுய்யா கைய! ரேக பாக்கறியா, கண்ணாலம் பண்ணிக்கப் போறியா?" என்று அவர் கத்த, கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அன்று முதல் வேறு கடைக்குப் போகிறேன்.

மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். குழந்தைகள் பிரிவில் டாக்டர் அவள் காதைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கையை மடக்கி நீட்டச் சொன்னார். அவள் எல்லாம் செய்தாள். அப்போது வெளியே தள்ளுவண்டி ஒன்று சுவரில் மோதி, தட்டுகள் விழுந்தன. சத்தம் அடங்கிய பிறகு பார்த்தால், மகளின் இரண்டு கையும் என் பிடிக்குள் இருந்தன. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பாவுக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. நீங்க மாடிக்குப் போயி மனநலப் பிரிவுல ஒருதடவ காட்டிட்டு வாங்க" என்றார்.

"எனக்கு எதுக்குங்க?"

"போயிட்டு வாங்க."

மாடியில் ஒரு பெண் டாக்டர். கண்ணாடி போட்டவர், பொறுமையானவர். நிறையக் கேள்விகள் கேட்டார். கனவு வருமா, எத்தனை நாளாக, எந்தச் சத்தம் ஆகாது. கூட வேலை செய்தவனின் கை மிஷினில் போனதைப் பார்த்தேன் என்று சொன்னேன். ரப்பரைச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, இப்படிப் பார்த்து இப்படி ஆகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இதற்கு ஒரு பெயர் உண்டு, வைத்தியமும் உண்டு என்றார். பிறகு, இந்த மாதிரி இருப்பவர்களின் ரத்தத்தை எடுத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, இஷ்டம் இருந்தால் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை என்றார்.

"ரத்தத்துல இன்னா பாப்பீங்க டாக்டர்?"

எனக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று யோசித்தார் போல.

"நீங்க கம்பெனில இருக்கீங்க. ஒரு ஷெட்ல நூறு மிஷின் இருக்கும். ஆனா எல்லாம் ஓடாது இல்லையா? எது ஓடணும், எது நிக்கணும்னு எப்படித் தெரியும்?"

"சீட்டு கட்டியிருப்பாங்க. செவப்பு சீட்டு கட்டினா ஓட்டக் கூடாது. பச்சன்னா ஓட்டலாம்."

"அதேதான். அப்பா அம்மாகிட்ட இருந்து வந்த ஜீன் எல்லாம் மிஷின் மாதிரி. அது மாறாது. அதுமேல கட்டின சீட்டு இருக்கு பாருங்க, அது மாறலாம். பெரிய அதிர்ச்சி வந்தா, பயத்த அடக்கற மிஷின்ல சில பேருக்குச் சீட்டு மாறிப் போயிருக்கலாம். அதத்தான் பாக்கறோம்."

எனக்கு அது சட்டென்று விளங்கியது. இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஒருவர் சொல்லி எனக்கு விளங்கிய ஒரே விஷயம் அதுதான். உடனே அடுத்ததையும் கேட்டுவிட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தச் சீட்டு புள்ளைக்கும் போவுமா?"

"எலியில அப்படிப் போறதா பாத்திருக்காங்க. மனுஷங்ககிட்ட இன்னும் உறுதியாச் சொல்ற அளவுக்கு யாருக்கும் தெரியாது."

"அப்ப என் பொண்ணு ரத்தத்தையும் எடுத்துப் பாருங்கம்மா. என்கிட்ட இருந்துதான் வந்திச்சான்னு தெரிஞ்சா போதும்."

"குழந்தைங்ககிட்ட எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லங்க. எடுத்தாலும் ஒருத்தரோட ரத்தத்தப் பாத்து இப்படிச் சொல்ல முடியாது. உங்களோடதே நூத்துக்கணக்கான பேரோட சேர்த்துத்தான் பாப்போம். உங்களுக்குன்னு தனியா ரிசல்ட் வராது."

எனக்கு அலுப்பாக இருந்தது. ஒரு நாள் சம்பளம் போய், காலையில் இருந்து மூன்று வரிசையில் நின்றாகிவிட்டது. கடைசியில் பதில் கிடையாது என்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரே கேட்டார். "அந்த விபத்து நடந்தப்ப உங்க வீட்டம்மா மாசமா இருந்தாங்களா, இல்ல அதுக்கு அப்புறமா?"

"அஞ்சு மாசம் டாக்டர்."

"அப்ப உங்க வழியா ரத்தத்துல போயிருக்க வழியே இல்லங்க. நீங்க குடுக்க வேண்டியத அஞ்சு மாசம் முன்னாடியே குடுத்துட்டீங்க. உங்களுக்குச் சீட்டு மாறியிருந்தாலும் அதுக்கு அப்புறம் மாறினதுதான்."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. விரல் விட்டுக்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

"பாப்பா வயித்துல இருக்கும்போது அம்மா ரொம்பப் பயந்திருந்தா ஒருவேள இருக்கலாம். அதுவும் ஒருவேளதான்" என்றார். "வீட்ல கேட்டுப் பாருங்க."

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. ஊசி போட்ட பெண், "கைய இறுக்கி மூடுங்கண்ணா, ம், அவ்ளோதான், பயப்படாதீங்க" என்றார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே படி இறங்கினேன். கீழே மனைவியும் மகளும் புளிசாதம் சாப்பிட்டு முடித்து, எனக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். மகள் தெருவில் விளையாடப் போயிருந்தாள். எங்கள் தெருவில் இப்போது எல்லா வீட்டுக்கும் மேலே ஒரு மாடி உண்டு. மாடியில் எல்லாம் தெற்கே இருந்து வந்த பிள்ளைகள் ஆறு பேர், எட்டுப் பேராக வாடகைக்கு இருக்கிறார்கள். ஆகவே தெருவில் எந்நேரமும் பைக் சத்தம்.

"இவ வவுத்துல இருக்கசொல்ல நீ ரொம்ப பயந்துகினியா?" என்றேன்.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எதுக்கு பயப்படணும்?"

"அந்த ஆக்சிடெண்ட்டு..."

"நீதான் ஒண்ணும் சொல்லலியே. யாருக்கோ கையில அடிபட்டுச்சுன்னு சொன்ன. துன்னுட்டுத் தூங்குவேன் நானு. நல்லாத்தான் இருந்தேன்."

"அப்ப இவளுக்கு எங்கேர்ந்துதான் வந்திச்சு?"

அவள் கழுவுவதை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"இத்த சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீயே கேக்கற. நீ ஷிப்டுக்குப் போனா அவ நல்லாத்தான்யா கீறா."

கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கதவு அடிச்சிக்குது, மேல கீற பசங்க பக்கெட்ட உருட்டறாங்க, அவ பாட்டுக்கு வெளயாடினு கீறா. நீ சாயங்காலத்துல வூட்ல கீற வாரந்தான் இப்படி. நீ செகண்ட் ஷிப்ட் போற வாரம் ஸ்கூல்லகூட அவ்வளவு இல்ல. குட்டியா இருந்ததுல இருந்தே நீ அவ கையப் புடிச்சிப் புடிச்சி இழுக்கற. தூளிக் கயிறு ஆடினாகூட இழுப்ப. அந்த சத்தத்துக்கு எல்லாம் கை பூடும்போலன்னு அதுவும் நெனச்சிக்கிச்சு."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஆசையாத்தான புடிக்கற" என்றாள்.

ரத்தத்தில் போயிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும் என்று இருந்திருக்கலாம். அந்தச் சமாதானத்துக்காகத்தான் நான் ஆஸ்பத்திரி முழுக்க அலைந்தேன் என்று அப்போது தெரிந்தது. இது அப்படி இல்லை. நாள்தவறாமல், ஐந்து வருஷம், என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் மனைவியிடம் ரப்பரைப் பற்றிச் சொன்னேன். நான் வைத்தது, எடுக்காமல் வந்தது, கத்தியது எல்லாம். அவள் ஈரக் கையோடு வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"அந்த ஆளு இப்ப எங்க கீறாரு?"

"ஊருக்குப் பூட்டான்னு சொன்னாங்க. தெரியாது."

"கேட்டாவது பாத்தியா?"

"இல்ல."

"ஆறு வருஷமா இத்த உள்ளயே வச்சினு இருந்துக்கீற" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும். எழுந்துபோய் மறுபடி பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

அடுத்த வியாழக்கிழமை அந்த மாடி டாக்டரிடம் போனேன். ரப்பரை அவரிடமும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவர் எதுவும் எழுதாமல் கேட்டுக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். மாறின சீட்டு திரும்பவும் மாறலாம், அதற்கு நாளாகும், ஆனால் பாப்பாவுக்காக அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றார். எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் சத்தம் வரும் என்று முன்பே தெரிகிற ஒரு நேரத்தில் மகளின் பக்கத்தில் உட்கார வேண்டும். என் கை என் முழங்காலில் இருக்க வேண்டும். நிஜமான ஆபத்து இல்லாமல் அவள் கையைத் தொடக் கூடாது.

கேட்பதற்குச் சின்ன வேலைதான். லோடு ஏற்றுவது இதைவிட லேசு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி குக்கரில் பருப்பு வைத்தாள். மகள் தரையில் உட்கார்ந்து ஒரு மயிலுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டேன். முதல் விசில் வந்தது. என் கை முழங்காலை விட்டுக் கிளம்பிப் பாதி தூரம் போய்விட்டது. இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். மகள் குக்கரைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டாள். கலர் பென்சில் உருண்டு போனது.

இரண்டாவது விசிலுக்கும் அதேதான். இந்த முறை என் கை நகரவில்லை. ஆனால் நடுங்கியது. அவள் நடுக்கத்தையும் பார்த்துவிட்டாள்.

"அப்பா" என்றாள். "நீ வெளிய போயி நில்லேன்."

"ஏம்மா?"

"நீ இங்க இருந்தா எனக்கு பயமா கீது. நீ போ. நா இங்கியே குந்திக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னாள். மனைவி அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். தலையை மட்டும் லேசாக அசைத்தாள். நான் எழுந்து வெளியே வந்து, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே நின்றேன். மேலே இருக்கும் பிள்ளை ஒருவன் பல் துலக்கிக்கொண்டே இறங்கி வந்து, "என்னண்ணே, வீட்ல விரட்டி விட்டுட்டாங்களா?" என்று நுரையோடு கேட்டான். "ஆமாப்பா" என்றேன்.

மூன்றாவது விசில் வந்தது. படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்து அழுகை வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யம்மா, பச்ச கலரு எங்க பூட்ச்சு?" என்று அவள் கேட்பது கேட்டது. "அங்கதான் எங்கனா உருண்டுருக்கும், பாரு" என்றாள் அவள் அம்மா.

நான் உள்ளே போகவில்லை. அடுப்பை நிறுத்துகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.